அருவியில் நிற்காத வேன்

"அருவி வந்துடுச்சு, நிறுத்துப்பா!" என்று சலூன்காரர் சொல்லி முடிப்பதற்குள் அருவி பின்னால் போய்விட்டது.

வேன் நிற்கவில்லை. வெள்ளையாக ஒரு கோடு, கண்ணாடியில் கொஞ்சம் சாரல், கைப்பிடிச் சுவரோரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஜனம். பார்க்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

"அங்கே கூட்டமா இருக்குண்ணே. கீழே போயிடலாம்" என்றான் டிரைவர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. கடைக் கண்ணாடிக்கு மேலே அவர் மாட்டி வைத்திருப்பது இந்த அருவியின் படத்தைத்தான். தலையைக் குனிந்துகொடுக்கும் வாடிக்கையாளரிடமெல்லாம், "ஒரு நாள் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. இப்போதுதான் கடையை அடைத்துவிட்டு மனைவி, கொழுந்தியாள், சகலை என்று எல்லோரையும் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மலை ஏறும்போது எங்கும் பனிமூட்டம். "இறங்கும்போது ஒவ்வொண்ணா நிதானமா பார்த்துக்கலாம்ணே" என்று சொன்னவனே இந்த டிரைவர்தான்.

"கூட்டம் இருந்தா என்னப்பா? நாங்க என்ன குளிக்கவா போறோம்?"

வளைவுக்கு ஹாரனை அழுத்திய டிரைவர், வளைவு முடிந்த பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

பின்சீட்டில் சகலை சிரித்தார். "உங்க டிரைவர் நல்லாவே சுத்திக் காட்டறாரு சகலை. நாங்க கண்ணை மூடிக்கிட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

சலூன்காரரின் காது மடல் சூடாகியது. வண்டியைப் பேசி அமர்த்தியது அவர்தான்.

"அடுத்தது ஏரி. எல்லாரும் இறங்க ரெடியா இருங்க" என்றார் வீம்பாக. மனைவி முடியைக் கோதிக்கொண்டாள். கொழுந்தியாள் போனைத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

பலகை வந்தது. அம்புக்குறி வந்தது. மரங்களுக்கு நடுவே ஏரி நீலமாகப் பளபளத்தது. வேன் அதையும் தாண்டியது.

"யோவ்!"

"அங்கே ஒண்ணுமில்லண்ணே. வெறும் தண்ணி."

"ஏரியில தண்ணி இல்லாம வேற என்னய்யா இருக்கும்?"

என்ஜின் தொண்டை கிழிய அலறிக்கொண்டிருந்தது. உச்சியில் கிளம்பும்போது இந்த டிரைவர் போனில், "இதோ இறங்கிட்டே இருக்கேன், சீக்கிரம் வந்துடறேன்" என்று யாரிடமோ குழைந்தது சலூன்காரரின் நினைவுக்கு வந்தது. அடுத்த சவாரியைப் பிடித்துவிட்டான்! அதற்குத்தான் நம்மை மூட்டை முடிச்சு மாதிரி கீழே கொண்டுபோய்க் கொட்டப் பார்க்கிறான்.

பக்கத்து சீட்டிலிருந்து அவனை முறைத்தவரின் பார்வை, தொழில் பழக்கத்தில், பிடரிக்குப் போனது. உடம்பு நடுங்கும் குளிரில் அங்கே வியர்வை வழிந்தது. சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

சகலையும் அதைப் பார்த்துவிட்டார். முன்னால் குனிந்து, "தண்ணி போட்டிருக்கான் போலிருக்கே" என்று கிசுகிசுத்தார்.

அந்த நேரம் பார்த்து வேன் இடது பக்கம் ஒதுங்கி மலைச்சுவரை உரசியது. பக்கக் கண்ணாடி முறிந்து எங்கோ தெறித்தது. பெண்கள் இருவரும் ஒன்றாக அலறினார்கள்.

"போதும்ப்பா சாமி! நாங்க இங்கேயே இறங்கிக்கறோம்" என்று சகலை கதவை இழுத்துத் திறந்தார்.

"கதவை மூடுடா!"

அந்த 'டா'வைக் கேட்டதும் சகலையின் கை தானாகக் கதவை மூடியது. அதுவரை 'அண்ணே'யைத் தவிர வேறு வார்த்தை பேசாதவன் அவன்.

இதற்கு மேல் பொறுத்துப் பயனில்லை என்று சலூன்காரருக்குத் தோன்றியது. சாவியைத் திருகி என்ஜினை அணைத்துவிட்டால் நின்றுதானே ஆகவேண்டும்? சட்டென்று கையை நீட்டினார்.

டிரைவர் முழங்கையால் ஓங்கி இடித்தான். விரல்களில் மின்னல் வெட்டியது போல வலி.

"இன்னொரு தடவை சாவியைத் தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!"

"என்னங்க, விட்டுடுங்க" என்று மனைவி அழுதேவிட்டாள். "அருவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீடு போய்ச் சேர்ந்தா போதும்."

மலை முடிந்து தார்ச்சாலை நேரானது. சலூன்காரர் மூச்சு விடுவதற்குள், வேன் சாலையை விட்டு ஒரு மண்பாதையில் பாய்ந்தது. ஏற்றமான பாதை. இரண்டு பக்கமும் புதர். ஆள் அரவமே இல்லை. இங்கே எதற்குக் கொண்டுவருகிறான்? சலூன்காரர் மனைவியின் கழுத்துச் சங்கிலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வேன் குலுங்கிக் குலுங்கி மேடேறியது. வேகம் குறைந்தது. ஒரு உதறலோடு என்ஜின் அடங்கி நின்றது.

"இறங்குங்க! எல்லாரும் இறங்கி ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே சலூன்காரர் குதித்தார். பெண்களைச் சகலையோடு தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து டிரைவர் பக்கக் கதவைப் பிடுங்கித் திறந்தார். காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாரு மேலடா கையை வைக்கறே? ஒரு இடத்துலயாவது நிறுத்தினியாடா நீ?"

அவன் தடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை அவனால் பிரிக்கவே முடியவில்லை.

"என்னை அப்புறம் அடிங்கண்ணே. முதல்ல பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு வைங்க. அருவிக்கு முன்னாடியே பிரேக் போயிடுச்சு."