வால் முளைத்த கல்

இஸ்திரி போட்ட கூரைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் ஆதிமூலம். பார்த்ததுமே மகள் ராதிகாவுக்குப் பகீரென்றது. கல்யாணத்தன்று கட்டிய புடவையை உடுத்திக்கொண்டு அம்மா நடந்து வீட்டுக்கு வருவாள் என்றே இந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறாரே.

உள்ளே பச்சையம்மாள் பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, சொந்த ஊரான நைனார்பாளையத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் ராதிகாவிடம் சொல்லி நாளாயிற்று. அப்பாவிடம் அவள்தான் பேச வேண்டும். பாவம், எப்படிப் பேசுவாள்? அந்த நம்பிக்கையை ஊட்டியவளே அவள்தான்.

கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள் ராதிகா. தொலைநோக்கி எடுத்த வானத்துப் படங்களை வீட்டிலிருந்தே அலசிப் பார்க்கும் குழு ஒன்றிலும் இருந்தாள். வெறும் கல் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்த சிறுகோள் ஒன்றுக்கு, வால்நட்சத்திரம் போலத் திடீரென்று வால் முளைத்திருந்தது. உள்ளே ஐஸ் உறைந்து கிடந்திருக்கும், வெயில் பட்டு ஆவியாகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

நம்ம அம்மாவும் அப்படித்தான், செத்த கல் இல்லை என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து மகளைக் கண்டதும் அவர் கேட்கும் முதல் கேள்வி கல்லைப் பற்றித்தான்.

இன்று காலை வந்த சேதி வேறு. ஐஸும் இல்லை ஒன்றும் இல்லை. இன்னொரு கல் மோதி அது நொறுங்கியிருக்கிறது. வாலாகத் தெரிந்தது உதிர்ந்த தூசி.

"இன்னாம்மா, கல்லு எப்பிடிக் கீது?"

ராதிகா வராந்தாவுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த கல்வராயன் மலையைப் பார்த்தாள். "வாலு நீண்டுக்கினே போவுதுப்பா. உள்ள ஐஸு ஜாஸ்தியாம்."

"ஒங்கம்மாவும் இப்பிடித்தான். பொய் சொல்லணும்னா மலையப் பாப்பா."

ராதிகாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அது உடைந்த கல்தான், நீ தாங்கமாட்டியே என்றுதான் பொய் சொன்னேன் என்று அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். டாக்டர் அவரிடமும் சொல்லியிருந்தாராம்; அன்றைக்கே சரி என்று தலையாட்டிவிட்டாராம். வண்டிக்கும் சொல்லியாயிற்றாம்.

ராதிகா நிமிர்ந்தாள். "அப்புறம் ஏம்ப்பா தெனமும் கல்லப் பத்தியே கேட்டுக்கினு இருந்த?"

"நீ தாங்கணுமேன்னுதாம்மா."