கொழும்பில் இருக்கும் அம்மா

"இருமல் வந்தால் சீலைத் தலைப்பை வாய்க்குள்ளை அடை. ஒரு மணித்தியாலம்தான். பிறகு ஊர் கேட்க இருமு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

தில்லைநாதன் மனைவியைப் புகையிலைச் சிப்பங்கள் அடுக்கியிருந்த அறைக்குள் விட்டு, வெளியே கொண்டியைப் போட்டார்.

மகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கதவை ஏன் பூட்டுறியள்? நான் என்ன கட்டாக்காலி மாடோ?"

"கத்தாதை. உன்ரை இருமலாலைதானே போன ரெண்டு சம்பந்தமும் குழம்பினது? தாய்க்குக் கசநோய் எண்டு சொல்லிக்கொண்டு எழும்பிப் போனாங்கள்."

"கசமில்லையெண்டு ஆஸ்பத்திரியிலை படம் பிடிச்செல்லோ சொன்னவை!"

"அதை ஆருக்குப் போய்க் காட்டுறது? நீ கொழும்பிலை எண்டு சொல்லிப்போட்டன். சண்டையிலை பாதை பூட்டு, திரும்பி வரப் பாஸ் இல்லை, அங்கை அம்பிட்டுக்கொண்டாய். கலியாண எழுத்து முடிஞ்சால் பிறகு ஆரும் ஒண்டும் செய்யேலாது. பிள்ளைக்கு முப்பதாகுது, அதை யோசி."

அந்த முப்பதுதான் அவள் வாயை அடைத்தது. சிப்பமொன்றில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருடம் புகைக்குடிலுக்குள் குனிந்து நின்று தேங்காய்மட்டைக்கு நெருப்பு மூட்டியவள் அவள். புகை போட்டால்தான் புகையிலைக்கு நிறம் வரும், விலை வரும். அவளுக்கு வந்தது தொய்வு, மூச்சிழுப்பு. இப்போது கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்செடுக்கவேண்டும். படுத்து நித்திரை கொண்டு மூன்று வருடமாகிறது. சுவரில் சாய்ந்தபடிதான் கண்ணயர்வாள். ஆஸ்பத்திரியில் தந்துகொண்டிருந்த, மூச்சுக்கு உறிஞ்சும் பம்ப், அரசாங்கம் மருந்துக்குத் தடை போட்டதோடு வராமல் நின்றுபோனது. இவ்வளவு காலமும் வீட்டின் நல்ல அறையைப் புகையிலைக்கும் புகை மண்டிய குசினியை அவளுக்கும் கொடுத்திருந்த மனிதர், இன்றைக்குத்தான் முதன்முதலாக அவளை இந்த அறைக்குள் விட்டிருக்கிறார்.

வெளியே சைக்கிள்கள் வந்து நின்றன. வட்டுக்கோட்டை ஆழ்வாப்பிள்ளை, மாப்பிள்ளையாக வந்த அவருடைய மகன், தரகர். கதவுக்கு அப்பால் கதிரைகள் இழுபட்டன.

"வீட்டுக்காரி எங்கை, காணேல்லை?" ஆழ்வாப்பிள்ளையின் குரல் கணீரென்று கேட்டது.

"கொழும்பிலை, தமையன் வீட்டை. போன இடத்திலை பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்."

"அட, எங்கடை மனுசியும் அப்பிடித்தான்! தங்கச்சியின்ரை பிள்ளைப்பேறுக்கெண்டு போனவ, அங்கையே நிண்டிட்டா. நாடு கிடக்கிற கிடை. சரி, உங்கடையவ ஆள் சுகமோ?"

"கல்லுமாதிரி!"

"அதுதான் வேணும். காணி பூமி நான் பெரிசாப் பாக்கேல்லை, நோய்நொடி இல்லாத குடும்பமாய் இருக்கவேணும். போன மாசம் ஒரு வீட்டை போனம். தாய்க்காரி இருமுறா, இருமுறா, நாய் குரைக்கிறமாதிரி. உந்த வருத்தக்காரியளையெல்லாம் சபைக்கு விடலாமோ? மாட்டுக்கொட்டிலுக்கை விடவேணும்!"

தில்லைநாதன் சிரித்தார். "சரியாச் சொன்னியள்."

யாரோ ஒரு மனிதன் சொன்னதை மகாதேவி விழுங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பை விழுங்க முடியவில்லை. தொண்டையில் நின்ற இருமல் நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு எழும்பியது. வாயில் அடைத்திருந்த சீலைத் தலைப்பை அவளே உருவினாள். உருவிவிட்டு, வீடு அதிர இருமினாள்.

"அதென்ன சத்தம்?"

"அது... பக்கத்து வீட்டுக் கிழவி" என்றார் தில்லைநாதன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த மகள் குணலட்சுமி தட்டை நிலத்தில் வைத்தாள். நேரே போய்க் கொண்டியை இழுத்தாள்.

"என்ரை அம்மா" என்றாள்.

மகாதேவி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நான் கொழும்பிலை இல்லை. இஞ்சைதான்... பூட்டிக் கிடந்தனான். இது கசமில்லை, ஆருக்கும் ஒட்டாது. இவற்ரை புகையிலைக்குப் புகை போட்டு வந்த தொய்வு. இந்த வீட்டின்ரை கல்லும் ஓடும் என்ரை நெஞ்சைத் திண்டுதான் வந்தது. என்ரை பிள்ளையை எடுக்கிறதெண்டால்... என்னைப் பாத்துப்போட்டு எடுங்கோ!"

அதற்குமேல் மூச்சு வரவில்லை. ஆத்திரத்தில் மகளின் வாழ்க்கையைக் குழப்பிவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். குணலட்சுமியோ அவள் கையை விடவில்லை.

ஆழ்வாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "கட்டின பெண்சாதியை ஒளிச்சு வைச்சுச் சம்பந்தம் பேச உமக்கு வெக்கமில்லையோ, காணும்? இப்பிடிக் கள்ளப் புளுகு குடும்பத்திலையோ நான் பொம்பிளை எடுக்கிறது? எழும்பு தம்பி, போவம்!"

அதுவரை குனிந்திருந்த மாப்பிள்ளை எழும்பினான். தன் கதிரையைத் தூக்கி மகாதேவியின் பக்கத்தில் வைத்தான்.

"இருங்கோ அம்மா. மெல்ல மெல்ல மூச்சை எடுங்கோ." சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தகப்பனின் பக்கம் திரும்பினான். "நான் போட்டு வாறன் அப்பா, நீங்கள் இஞ்சையே இருங்கோ. கொழும்பிலை எண்டு நீங்கள் சொன்ன என்ரை அம்மா வட்டுக்கோட்டை வீட்டுப் பின்கோடிக்கை இருந்து இருமிக்கொண்டிருக்கிறா; அவவையும் ஏத்திக்கொண்டு வாறன், ரெண்டு பேரும் உங்கடை சபையிலை பக்கத்துப் பக்கத்திலை இருந்து இருமட்டும், அதுக்குப் பிறகு சம்பந்தம் கதைப்பம்."