வாசனை இல்லாத மெத்தை

"மோந்து பாக்காதீங்க சார், மெத்தை இது, மாம்பழம் இல்ல!"

கடை ஆள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, தையலுக்குள் மூக்கை நுழைத்து இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். பசை நெடி குப்பென்று அடித்தது.

"இதுவும் வேண்டாம்ணே. வேற காட்டுங்க."

காலையிலிருந்து ஏறி இறங்கியதில் இது ஆறாவது கடை. மணி மூன்று. கையிலிருந்த கட்டம் போட்ட தாள் வியர்வையில் நனைந்து தொங்கியது. கடை ஆள் அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"ஸ்பிரிங் கூடாது, ஃபோம் கூடாது, பசை கூடாது, மருந்தடிச்ச பஞ்சு கூடாது. கட்டில்ல இரும்பு கூடாது, வார்னிஷ் கூடாது... அப்ப தரைதான் சார் பாக்கி. அது எங்ககிட்ட ஸ்டாக் இல்ல."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. என் கல்யாணமே இந்தக் கட்டில் மேலதான் நிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. நாற்பத்தாறு வயதில் வாத்தியாருக்குக் காது சிவந்தது. ஆனாலும் விஷயம் அதுதானே, மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நாளைக்குக் காலையில பதிவு அலுவலகத்துல கல்யாணம். நான் கட்டிக்கப்போறவங்களுக்கு ரசாயன நெடி ஆகாது. தலைமாட்டுல கரண்ட் ஓடினா தூக்கம் வராது, மண்டை வெடிக்கும்பாங்க. இன்னைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துப் பாக்கப் போறாங்க. முடியலேன்னா கல்யாணம் வேண்டாம்னுட்டாங்க."

"டாக்டருங்க என்ன சொல்றாங்க?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. அவங்க தூங்கணும், அவ்வளவுதான்."

"ஒரு கட்டிலுக்காகக் கல்யாணத்தையே வேண்டாம்பாங்களா?"

"ஏற்கெனவே ஒரு வீட்ல பட்டது போதாதா? மொத புருஷன் ஒருநாள் விலை உசந்த ஃபோம் மெத்தையைத் தூக்கிட்டு வந்து போட்டானாம். மூச்சு முட்டுது, பழைய சில்லறையை நாக்குல வச்ச மாதிரி இருக்குன்னு இவங்க அழுதிருக்காங்க. 'எல்லாம் நடிப்பு, பேசாம படு'ன்னானாம். ஒன்றரை வருஷம் வெறும் வராந்தாவுல படுத்திருக்காங்கண்ணே! அவன் பேரைக்கூட என்கிட்ட சொன்னதில்ல. மனுஷனா அவன்? எதிர்ல மட்டும் வரட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

கடை ஆள் அளவு நாடாவைச் சுருட்டினார். பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து சுருட்டினார். கல்லாவிலிருந்து முதலாளி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க எதையும் வாங்காதீங்க."

"என்னண்ணே?"

"மெதுவா பேசுங்க. பின் தெருவுல பஞ்சு அடிக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. மருந்து போடாத பஞ்சுன்னு கேளுங்க. கண்ணு முன்னாடியே அடிச்சு, கையால தைச்சுத் தருவாங்க. உறைக்குப் புதுத்துணி வேண்டாம். வீட்ல நூறு தடவை துவைச்ச பருத்திப் போர்வை இருக்குமே, அதைக் குடுங்க. கட்டிலே வேண்டாம், இழைச்ச பலகை நாலு வாங்கிச் செங்கல் மேல போடுங்க."

வாத்தியார் தாளைத் திருப்பி மடமடவென்று எழுதினார்.

"தலைமாட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"சமையலறை."

"ஃபிரிட்ஜ் அந்தச் சுவத்தை ஒட்டியா இருக்கு?"

வாத்தியாருக்குத் திக்கென்றது. ஒட்டித்தான் இருந்தது.

"தலையை எதிர்ப்பக்கம் வையுங்க. அஞ்சரைக்கே அந்த ரூம் ஃபியூஸைப் புடுங்கிடுங்க. தலகாணி வாங்காதீங்க, பழைய துணியை நாலா மடிச்சு வச்சுப்பாங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஏதாவது ஒத்துக்கலேன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. உடனே எடுத்துடுங்க."

"அட, துணியை மடிச்சுத்தான் வச்சுப்பாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா மெத்தை விக்கிறேன் சார். எத்தனை பேரைப் பாத்திருப்பேன்."

"என்னய்யா அங்க குசுகுசுன்னு? பில் போட்டாச்சா?" என்று முதலாளி குரல் கொடுத்தார்.

"சாருக்கு அளவு சரியா வரலீங்க."

முதலாளி முகம் சுருங்கியது. இந்த மாதத்தில் இப்படி வெறும் கையோடு போகும் முதல் ஆள் இவர் இல்லை போலிருக்கிறது. கடை ஆள் அதைக் கண்டுகொள்ளாமல் வாத்தியாரை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணே. நாளைக்குச் சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறையுது. நீங்க வந்து போடணும். அவங்களும் உங்களைப் பாத்தா சந்தோஷப்படுவாங்க."

"இல்ல சார். நான் வந்தா அவங்களுக்கு ஒத்துக்காது."

"கடை நெடியைச் சொல்றீங்களா? குளிச்சுட்டு, துவைச்ச சட்டையைப் போட்டுட்டு வாங்க. அவ்வளவுதானே?"

கடை ஆள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அந்த ஃபோம் மெத்தை இந்தக் கடையிலதான் சார் எடுத்தேன். நாலு வார்த்தை கேக்கணும்னு சொன்னீங்களே... கேட்டுட்டுப் போங்க."