குளத்தின் அகலம்

செங் ஊரின் தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் நடுவே மழைநீர்க் குளம் வெட்டும் திட்டத்தை விளக்க வந்தாள் பொறியாளர் லக்ஷனா. பக்கத்து மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு கூட்டமே திரண்டு வந்திருந்தது.

“ஃபேக்டரித் தண்ணி கலக்குமா?” எடுத்த எடுப்பிலேயே கேட்டார் கோயில் தலைவர் புவனேந்திரன்.

“இல்ல அங்கிள், மழைத்தண்ணி மட்டும்தான்.”

“வெயில்ல வத்திடுமா?”

“இடுப்பளவு எப்பவும் நிக்கும்.”

“அகலம்?”

“நாப்பது மீட்டர்.”

“பத்தாது லா!” கூட்டமே கத்தியது.

லக்ஷனா வரைபடத்தைச் சுருட்டினாள். “குளம் வேணாம்னா சொல்லிடுங்க அங்கிள்.”

“யாரும்மா வேணாம்னு சொன்னது? அம்மன் தெப்பம் சுத்தித் திரும்ப இடம் வேணும்ல?”

“தெப்பமா?”

“கட்டி முடிச்சாச்சு! கோயில் பின்னால நிக்குது. குளம்தான் பாக்கி!”

சுருட்டிய வரைபடத்தை லக்ஷனா மறுபடி விரித்தாள்.

“தெப்பம் எத்தனை அடி, அங்கிள்?”