முள் பிடுங்கிய வால்

பாரிஸில் இருக்கும் அக்கா வம்சாவளி கேட்டதால், லவீனா குருநகரில் தங்கள் பங்குக் கோயிலுக்குப் போய்ப் பழைய பதிவுகளைப் பார்த்தாள். பூட்டி இசபெல்லம்மாவுக்கு நான்கு கல்யாணம். நான்கு கணவர்களும் செத்ததற்கு ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: திருக்கை மீனின் முள் குத்தி.

"கடல்தொழிலிலை உது நடக்கிறதுதானே," என்றாள்.

"ஓம் பிள்ளை. ஆனா கடைசி ஆள் கடலுக்குப் போகாதவர், கொடிகாமத்திலை மரக்கறி வித்தவர்," என்றார் பதிவுகளை எடுத்துக்கொடுத்த செபநாயகம். "வீட்டுக்குள்ளை செத்தவர் எண்டு கிடக்கு."

நேற்று விழுந்த அடியின் புண் காயாமல் லவீனாவின் சட்டையோடு ஒட்டியிருந்தது.

பூட்டியின் திருக்கைவால் இன்னும் லவீனாவின் வீட்டுக் கதவுக்கு மேலே தொங்குகிறது. அடிப்பதற்கென்றே காயவைத்த வால். அடிக்கிறவன் கையில் குத்தாமலிருக்க, முள்ளை முதலே பிடுங்கிவிடுவார்கள். பூட்டியை நான்கு பேரும் அதால்தான் அடித்தார்களாம். இப்போது அதே வாலால் லவீனாவைப் புருஷன் சுபாஸ் அடிக்கிறான். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். கடலில் கால் நனைத்ததில்லை.

அவள் திரும்பி வந்தபோது சுபாஸ் வாசலில் நின்றான்.

"எங்கையடி போட்டு வாறாய்?"

பதிலுக்குக் காத்திராமல் வாலை எடுத்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. முள் பிடுங்கிய இடத்தில், அவன் விரல்களுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல வாலைக் கையில் சுற்றத் தொடங்கினான்.

லவீனா முள்ளைப் பார்த்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள்.