ஜெயித்த வழக்கு

வழக்குத் தொடுத்தவர் இறந்துபோனாலும், தீர்ப்பு வரும்வரை அவரே நீதிமன்றத் திரையில் தோன்றிப் பேசலாம் என்று சட்டம் வந்திருந்தது. குளக்கரையில் சூப்பர் மார்க்கெட் கட்டக்கூடாது என்று வழக்குப் போட்ட அருமைநாயகம், செத்த பிறகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். முதலில் கூட்டத்தில் மனைவியைத் தேடி, “ஏளா கனி, சாப்பிட்டியா?” என்பார். அப்புறம்தான் வாதம்.

இன்று வாதம் இல்லை, தீர்ப்பு மட்டும். கடையை பைபாஸ் பக்கம் கட்டச் சொன்னார் நீதிபதி. அருமைநாயகம் வாய் திறக்குமுன் திரை அணைந்தது.

மனைவி செல்வக்கனியிடம் அவர்கள் தரப்பு வக்கீல் லட்டு நீட்டினார். “ஜெயிச்சிட்டோம்மா!”

“மேல்கோர்ட்டுக்குப் போலாம்லா சார்?”

“தோத்தவங்கதாம்மா போக முடியும். அவங்களுக்கும் பைபாஸே தோதாப் போச்சு.”

செல்வக்கனி எதிர்த்தரப்பு வக்கீலின் பின்னால் ஓடினாள்.

“ஐயா, விட்டுராதிய. ஒரு அப்பீல் போடுங்கய்யா. அவரு இன்னைக்கு ஒண்ணுமே கேக்கலையே.”