முதலில் விடுகிற மீன்

"உயிரை என்னய்யா நினைச்சிட்டிருக்கீங்க?"

மேனேஜர் போட்ட சத்தத்தில், புகார் சொல்ல வரிசையில் நின்றவர்கள்கூடத் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

புதிதாகத் திறந்த இன்டர்நெட் கம்பெனிக் கிளை. வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி வைக்க வந்தவர், உப்புப் பையோடு திருதிருவென்று விழித்தார். அவர் சொன்னது இதுதான்: புதுத் தண்ணீரில் ஒசத்தி மீனை விட்டால் செத்துப்போகும். முதலில் சாதா மீன் இரண்டை விடலாம்.

"அதுங்க கழிவுலதான் சார் தண்ணி பழகும். பிழைச்சா எடுத்துடலாம். செத்தா... சாதா மீன்தானே சார்."

"சாதா மீன்னா வலிக்காதா? விஷத்தையெல்லாம் அது குடிக்கணும், தெளிஞ்சப்புறம் ஒசத்தி மீன் வந்து நீந்தணும். நல்லாயிருக்குய்யா உங்க நியாயம். வேற வழியே கிடையாதா?"

"இருக்கு சார். பாக்டீரியா பாட்டில் ஊத்தலாம். ரெண்டு வகை வேணும். கொஞ்சம் தீனியை அழுக விட்டா அம்மோனியா வரும், அதை ஒரு வகை தின்னும். அது விடுறதும் விஷம்தான், அதை இன்னொரு வகை தின்னும். ரெண்டும் பெருகுற வரைக்கும் தொட்டி காலியாத்தான் கிடக்கும்."

"கிடக்கட்டும். என் ஆபீஸ்ல ஒரு உயிரும் அப்படிச் சாகக் கூடாது."

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் தற்காலிகம். கிளை திறந்த நாளிலிருந்து லைன் ஒழுங்காக வேலை செய்ததில்லை. லைன் போட்டவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஊரே வந்து அவளைத்தான் திட்டியது. ஒருவன் மோடத்தை அவள் முகத்துக்கு நேரே விட்டெறிந்தான்.

"பொறுத்துக்கோம்மா. எல்லாம் சரியானதும் உன் வேலையை நிரந்தரம் பண்றதைப் பாக்கலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மீனுக்கே இப்படிப் பதறுகிற மனுஷன், நம்மைக் கைவிட மாட்டார்.

தண்ணீர் பக்குவப்பட்டது. லைனும் ஒருவழியாகச் சரியானது. தொட்டிக்காரர் ஒசத்தி மீன்களைக் கொண்டுவந்த அன்று, மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"நல்லா சமாளிச்சேம்மா. கூச்சல் எல்லாம் அடங்கிடுச்சு பாரு. திங்கள்கிழமையிலேருந்து ஹெட் ஆபீஸ் ஆளுங்க வந்து கவுண்டர்ல உக்காருவாங்க. நீ இனிமே வர வேண்டாம்."

"நிரந்தரம்னு சொன்னீங்களே சார்?"

"பாக்கலாம்னுதானே சொன்னேன். டெம்பரரி போஸ்ட்தானேம்மா."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டிக்காரர் மீன் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி என்ன தெளிவு பாத்தியாம்மா. உங்க சார் தங்கமான மனுஷன். ஒரு மீனைச் சாக விடலையே."

"ஆமாண்ணே" என்றாள். "தொட்டிக்கு பாட்டில் வாங்கினாரு. கவுண்டருக்கு என்னை விட்டாரு."